நான் வெட்டிய ஓரம்

இவர் அந்தச் சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்த அன்று, உள்ளே யாருடையதோ பழைய சப்பாத்து இருக்கிறது என்று நினைத்து, கராஜிலேயே வைக்கச் சொன்னேன். இவர் என்றால் என் கணவர். எலெக்ற்ரீஷியன் வேலை. அன்று சிட்னியின் மேற்கே பென்டில் ஹில்லில் ஒரு பழைய வீட்டுக்கு வயர் மாற்றப் போயிருந்தார். அங்கே எண்பது வயது தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா தனியாக இருந்தார். வீட்டை விற்றுவிட்டுக் குயின்ஸ்லாந்தில் மகளோடு போய் இருக்கப் போகிறாராம். கூரைக்குள் ஏறிய இவர், வந்த வேலையோடு அங்கே கிடந்த பெட்டிகளையும் இறக்கிக் கொடுத்திருக்கிறார். அதில் ஒன்றை அந்த அம்மா இவரிடமே நீட்டி, தன் பிள்ளைகளுக்கு இது வேண்டாம், நீ எடு, இல்லாவிட்டால் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும் என்று சொல்லியிருக்கிறார்.

உள்ளே சப்பாத்து இல்லை. கட்டுக் கட்டாகப் பழைய அட்டைகள். ஒவ்வொன்றிலும் தொப்பி போட்ட ஓர் ஆணின் படம். கட்டுகளைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டிகள் தொட்டவுடன் பொடிப்பொடியாக உதிர்ந்தன. கிறிக்கெற் வீரர்கள் என்றுதான் இவர் முதலில் நினைத்தாராம். மட்டை உருண்டையாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் அது பேஸ்போல் என்று விளங்கியது. அந்த அம்மாவின் கணவர் அமெரிக்கர். இளம் வயதில் கப்பல் வேலையாகச் சிட்னிக்கு வந்தவர், அந்த அம்மாவைக் கலியாணம் முடித்து இங்கேயே தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் பேஸ்போல் விளையாடுவாராம். ஊரிலிருந்து அவருடைய தம்பி கடிதத்தோடு அனுப்பிய அட்டைகள்தான் இவை. அவர் செத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

எங்கள் இருவருக்கும் பேஸ்போலைப் பற்றி ஒன்றும் தெரியாது. கிரவீனில் எங்கள் தெருவில் அதைத் தெரிந்த ஒருவரும் இல்லை. இரண்டு நாள் புதினம் பார்த்துவிட்டு எறிந்துவிடுவார் என்று இருந்தேன். இவரோ வேலை முடிந்து வந்து குளித்ததும் குசினி மேசையில் போய் உட்காரத் தொடங்கினார். பூதக்கண்ணாடி வாங்கினார். பிளாஸ்ரிக் உறைகள் வாங்கினார். இன்னார் இத்தனை வருடம் இந்தக் கழகத்துக்கு ஆடினார், இத்தனை தரம் பந்தை வெளியே அடித்தார் என்று நான் வெங்காயம் உரிக்கும்போது சொல்வார். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதருக்கு இப்படித் திடீரென்று என்ன வரும் என்று எனக்கு விளங்கவில்லை. என் தங்கையிடம் சொன்னேன். குடிக்கிறதை விட நல்லதுதானே என்றாள். இவர் முன்பும் குடிப்பதில்லை. ஆகவே அந்தப் பதிலும் எனக்கு உதவவில்லை.

பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு கிளப் மண்டபத்தில், மாதத்தில் ஒரு ஞாயிறு, அட்டை சேர்ப்பவர்கள் கூடுவார்கள். ஒருநாள் நானும் போனேன். இவர் அங்கே என்னதான் செய்கிறார் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. நீளமான மேசைகள், அவற்றின் மேல் கண்ணாடி மூடிய பெட்டிகள், குனிந்து நிற்கும் ஆண்கள். கோவிலில் கூட இவ்வளவு அமைதியாக யாரும் குனிந்து நின்று நான் பார்க்கவில்லை. ஒரு மேசையில் மட்டும் ஒரு பெண் இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் நூலில் தொங்கவிட்ட, பருத்த, சிரிப்பு முகமுள்ள பெண். முப்பது வருடமாக இந்த வியாபாரம் செய்கிறாராம். இவருக்கு விலை சொல்லிக் கொடுத்ததெல்லாம் அவர்தான். நான் அவரை அட்டைக்காரி என்று சொல்வேன்.

அட்டைக்காரி எனக்கும் பொறுமையாகச் சொல்லித் தந்தார். அவர் சொல்லச் சொல்ல என் குழப்பம்தான் கூடியது. ஒரே ஆளின் இரண்டு அட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் விலை ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு, மற்றதன் விலை பழைய கார் ஒன்று வாங்கும் காசு. கூடின விலை உள்ளதில் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. பிழையாக அச்சடித்தது என்பதால்தான் விலை கூட என்றார். நான் வேலை செய்வது உடுப்புத் திருத்தும் கடையில். அங்கே பிழை விட்டால் காசு வாங்காமல் திருப்பித் தைத்துக் கொடுக்க வேண்டும். இன்னோர் அட்டையில் இருந்த ஆள் பெரிய ஆட்டக்காரரே இல்லையாம். யாரும் அவரை விரும்பாததால் அந்த அட்டைகளை எறிந்துவிட்டார்கள். எறிந்ததால் இப்போது கிடைப்பதில்லை. கிடைக்காததால் எல்லோரும் தேடுகிறார்கள். நான் தலையாட்டினேன். விளங்கித் தலையாட்டவில்லை.

இவர் தன் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். மஞ்சள் பின்னணியில், மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரிக்கும் ஒரு மனிதர். அட்டைக்காரி மூக்குக்கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். பிறகு இதைக் கையால் தொட்டது காணும், உறைக்குள் வை என்றார். இன்றைக்கு விற்காதே, அமெரிக்காவில் இதைச் சோதித்துத் தரம் போட்டுக் கொடுக்கும் கம்பனி இருக்கிறது, அங்கே அனுப்பு என்றார். நல்ல தரம் கிடைத்தால் எவ்வளவு வரும் என்று ஒரு தொகையும் சொன்னார். இவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கே எதைப் பார்ப்பார்கள் என்று நான்தான் கேட்டேன். மூலைகளையும் ஓரங்களையும்தான் முதலில் பார்ப்பார்கள் என்றார் அட்டைக்காரி.

அந்த ஒரு பதில் மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது. எங்கள் கடையிலும் அப்படித்தான். பிளவுஸைக் கொடுத்தால் வாடிக்கையாளர் முதலில் ஓரத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார்.

இவர் அந்த அட்டையைச் சாமியறையில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தார். அடுத்த வாரத் திங்கட்கிழமை அனுப்புவதாக இருந்தது. சனிக்கிழமைகளில் எனக்கு வேலை, அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை லீவு. அதற்கு முதல் வந்த வெள்ளி காலை சாமிப் படங்களைத் துடைக்கும்போது அட்டை கைக்கு வந்தது. வலது பக்க ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. ஓரிடத்தில் கடதாசி நார் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. இவ்வளவு பெரிய சோதனைக்கு இதை இப்படியா அனுப்புவது என்று எனக்கு அந்தரமாக இருந்தது. பிள்ளையைச் சீப்பால் தலை இழுக்காமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது போல.

தையல் மேசைக்குக் கொண்டுபோனேன். கைகளை நன்றாகக் கழுவித் துடைத்தேன். அட்டையை உறையிலிருந்து எடுத்து, இரும்பு அடிமட்டத்தை வைத்து, சில்க் வெட்டும் உருளைக் கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டினேன். அரை மில்லிமீற்றர் வராது. தலைமயிர் போல ஒரு துண்டு விழுந்தது. ஓரம் கண்ணாடி போல நேராக வந்தது. எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. மறுபடி உறைக்குள் வைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று சொல்லாமல் விடவில்லை. வடிவான தரம் வந்த பிறகு, அதில் என் கையும் இருக்கிறது என்று சொல்லலாம் என்று இருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமையே அட்டை அமெரிக்காவுக்குப் போய்விட்டது. அடுத்த மாதக் கூட்டத்துக்கும் போனேன். இந்த முறை நானாகவே ஆசைப்பட்டுப் போனேன். அட்டைக்காரியின் மேசைக்கு ஓர் இளைஞர் அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அட்டைக்காரி அதை ஒரு சின்ன அளவுகோலில் வைத்துப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. விளக்குக்கு அருகில் பிடித்து ஓரத்தைப் பார்த்துவிட்டு, வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்லித் திருப்பித் தள்ளினார். இளைஞர் போன பிறகு எங்களிடம் சொன்னார்: கிழிந்திருக்கலாம், கறை இருக்கலாம், யாராவது மீசை கீறியிருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், ஓரத்தை வெட்டிப் புதிது போலக் காட்டுவது மட்டும் களவு. இவர் ஓம் ஓம் என்று அவரோடு சேர்ந்து தலையாட்டினார். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி வெளியே போய்க் கார் நிறுத்துமிடத்தில் நின்றேன்.

எனக்கு இரண்டு விதமாக இருந்தது. ஒன்று பயம். மற்றது கோபம். பிசிறை வெட்டுவது எப்படிக் களவாகும்? நான் யாரிடம் எதைத் திருடினேன்? பிழையாக அச்சடித்தவனுக்குப் பரிசு, சரியாக வெட்டினவளுக்குப் பழியா? அப்படி எல்லாம் எனக்குள் வாதாடினேன். ஆனால் வாதாட வேண்டியிருக்கிறது என்பதே ஏதோ பிழை என்று காட்டியது. இவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அரை மில்லிமீற்றரை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று என்னையே தேற்றினேன். அந்த வாரம் கடையில் ஒரு பெண்ணின் கலியாணச் சேலை பிளவுஸின் கையை ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அட்டை வந்தது. தடித்த பிளாஸ்ரிக்குக்குள் இறுக்கி மூடி, மேலே ஒரு சிட்டை ஒட்டியிருந்தார்கள். தரத்துக்கான இலக்கம் இல்லை. உண்மையான அட்டைதான், ஆனால் ஓல்ரேர்ட், அதாவது மாற்றம் செய்தது, என்று இருந்தது. அந்தச் சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். உடுப்புத் திருத்துகிற எங்கள் கடையின் பெயர்ப்பலகையில் அதே சொல்லைத்தான் ஓல்ரறேஷன்ஸ் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. பதினாறு வருடம் அந்தச் சொல்லுக்குக் கீழே இருந்துதான் சம்பளம் வாங்குகிறேன். அதில் ஒரு குற்றம் இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன்.

இவர் கனநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அந்த அமெரிக்க மனிசன் வெட்டியிருக்கிறான் என்றார். நான் எழும்பிப் போய் அரிசி கழுவினேன்.

அடுத்த நாள் நான் வேலையால் வந்தபோது இவர் குசினியில் தேத்தண்ணீரை ஆறவிட்டு இருந்தார். குயின்ஸ்லாந்துக்குப் போன் எடுத்தாராம். வீட்டு வேலைக்காக அந்த அம்மா கொடுத்திருந்த கைபேசி இலக்கம். உங்கள் கணவர் அட்டைகளின் ஓரத்தை வெட்டுகிறவரா என்று நேரடியாகக் கேட்டிருக்கிறார். அது ஒரு வகை ஏமாற்று என்றும் விளங்கப்படுத்தியிருக்கிறார். அந்த அம்மாவோ, எனக்குத் தெரிந்து அவர் பொய் செய்கிறவர் இல்லை, ஆனால் எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று எப்படிச் சொல்வது என்றாராம். குரல் ஒரு மாதிரிப் போய்விட்டதாம். இவருக்கே அது மனதுக்குச் சரியில்லாமல் இருந்தது.

நான் கைப்பையைத் தோளில் இருந்து இறக்காமலே சொன்னேன்.

"நான்தான் வெட்டினனான்."

"எதை?"

"அந்த அட்டையை. அனுப்ப முதல். ஓரம் பிசிறா இருந்தது."

இவர் என்னைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. நான் வேறு ஏதோ பாஷையில் பேசியது போலப் பார்த்தார்.

"ஏன்?"

"வடிவா இருக்கும் எண்டு. ஓரத்தைத்தான் பாப்பினம் எண்டு அட்டைக்காரி சொன்னவாதானே."

இவர் கதிரையில் பின்னால் சாய்ந்தார். காசைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். அதற்குப் பதில் சொல்ல ஆயத்தமாகவும் இருந்தேன். அவர் கேட்டது அதை இல்லை.

"அப்ப அந்த மனிசிக்கு நான் இப்ப என்னத்தைச் சொல்லுறது?"

"நீங்கள் சொல்ல வேண்டாம். நான் சொல்லுறன்."

அன்றே எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்தேன். என் ஆங்கிலம் கடையில் பேசும் ஆங்கிலம். சின்னதாக்க வேண்டுமா, நீளமாக்க வேண்டுமா, எப்போது வேண்டும். மன்னிப்புக் கேட்கும் ஆங்கிலம் அதில் குறைவு. நான் யார் என்று சொல்லி, வெட்டியது நான், உங்கள் கணவர் இல்லை, என் கணவர் தெரியாமல் கேட்டுவிட்டார் என்று சொன்னேன். அந்த அம்மா நிம்மதியாக மூச்சு விடுவார் என்று நினைத்தேன்.

அவர் நன்றி என்றுதான் சொன்னார். ஆனால் நிம்மதி இல்லை. இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறாராம். யோசிக்க யோசிக்க, ஒரு ஞாயிறு மத்தியானம் கணவர் சாப்பாட்டு மேசையில் கத்தியும் அடிமட்டமும் வைத்து எதையோ வெட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் வருகிறதாம். அது அல்பத்துக்குப் படமா, அலுமாரித் தட்டுக்குக் கடதாசியா, இந்த அட்டைகளா என்று தெரியவில்லையாம். உண்மையில் பார்த்தேனா, உன் கணவர் கேட்டதால் பார்த்தது போல இருக்கிறதா என்றும் தெரியவில்லை என்றார். நான் வெட்டினேன் என்று மறுபடியும் சொன்னேன். எனக்கு நீ சொல்வது விளங்குகிறது கண்ணே, ஆனால் அந்த மத்தியானம் இப்போது என் தலைக்குள் வந்துவிட்டதே என்றார். அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டேன். இல்லை, நல்ல வெயில் என்றார்.

நான் இவரிடம் வந்து இதைச் சொன்னபோது, இவர் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். அந்த மாதக் கூட்டத்துக்கு இருவரும் போய் அட்டைக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார். பிளாஸ்ரிக்குக்கு மேலாலேயே அளந்து பார்த்தார். வலது பக்கம் வெட்டியது தெரிகிறது, ஆனால் மேலிருந்து கீழ் வரையான உயரமும் ஒரு மயிரளவு குறைகிறது என்றார். நான் மேல் ஓரத்தையும் வெட்டவில்லை, கீழ் ஓரத்தையும் வெட்டவில்லை.

"அப்ப முதலே வெட்டினதோ?" என்று இவர் என்னிடம் தமிழில் கேட்டார், எனக்குத் தெரியும் போல.

அட்டைக்காரியிடம் ஆங்கிலத்தில் கேட்டோம். இருக்கலாம் என்றார். அந்தக் காலத்து அச்சகங்களில் கத்தி தேய்ந்திருக்கும், தாள் அசைந்திருக்கும், தொழிற்சாலையிலேயே அப்படி வந்திருக்கவும் கூடும் என்றார். அமெரிக்காவில் எந்த ஓரத்தைப் பார்த்து அந்தச் சொல்லை எழுதினார்கள் என்று சிட்டையில் இல்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார்களாம். நான் கத்தியை எடுத்திருக்காவிட்டால் நல்ல தரம் வந்திருக்குமா, வந்திருக்காதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. வந்திருக்கும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அழுதுவிட்டு விட்டுவிடலாம் போல இருந்தது. வந்திருக்காது என்றால் நிம்மதி. இரண்டும் கிடைக்கவில்லை.

அட்டையை அட்டைக்காரியின் கண்ணாடிப் பெட்டியிலேயே விற்க வைத்தோம். முதலில் தான் சொன்ன தொகையில் மிகச் சிறிய பங்குதான் விலையாகப் போட்டார். இரண்டு கூட்டங்களுக்கு யாரும் கேட்கவில்லை. எடுத்துப் பார்ப்பார்கள், சிட்டையை வாசிப்பார்கள், வைத்துவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு முறையும் நான் நிலத்தைப் பார்த்தேன்.

மூன்றாவது கூட்டத்தில் பஸ் சாரதியின் சீருடையோடு ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். வேலைக்குப் போகும் வழியில் வந்திருந்தார். அட்டையைக் கண்டதும் நின்றுவிட்டார். சிறு வயதில் இந்த நகரத்தின் மேற்குப் பக்கத்தில் அவர் பேஸ்போல் விளையாடினவராம். அவருடைய பயிற்சியாளர் இந்த ஆட்டக்காரரின் படத்தைத்தான் சுவரில் ஒட்டி வைத்து, மட்டையை இப்படிப் பிடி என்று காட்டுவாராம். இந்த அட்டை தன் வாழ்நாளில் தன் கைக்கு வராது என்று எப்போதோ விட்டுவிட்டாராம். விலையைப் பார்த்தார். சிட்டையைப் பார்த்தார். என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

அட்டைக்காரி வாய் திறக்க முதல் நான் முந்திக்கொண்டேன். நான்தான் வலது பக்கத்தை வெட்டினேன், மேலும் கீழும் வெட்டியது யார் என்று தெரியாது என்றேன். ஏன் வெட்டினாய் என்று கேட்டார். அழகாக இருக்கட்டும் என்று வெட்டினேன் என்றேன். அவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து அந்த ஓரத்தைப் பார்த்தார். நேராகத்தான் வெட்டியிருக்கிறாய் என்றார். கேலியா, பாராட்டா என்று அவருடைய முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை. காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டு, அதன் மேல் ஒரு கையை வைத்தபடியே கதவு வரை நடந்து போனார்.

அட்டைக்காரி என் பக்கம் திரும்பி, நீ வெட்டியிருக்காவிட்டால் இந்த மனிதரால் இதை வாங்கியிருக்கவே முடியாது என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். ஆனால் நாங்கள் இழந்ததை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டுமா, அந்த மனிதரின் சந்தோஷத்தை நினைத்து இன்னும் வெட்கப்பட வேண்டுமா என்று எனக்கு இன்னும் குழம்பித்தான் இருந்தது. காரில் வரும்போது இவரிடம் கேட்டேன்.

"இப்ப நான் செய்தது பிழையோ, பிழை இல்லையோ?"

இவர் சிவப்பு விளக்கில் நின்றபடி யோசித்தார்.

"கேட்டுட்டு வெட்டியிருக்கலாம்," என்றார்.

"கேட்டிருந்தா?"

"எனக்கும் அப்ப தெரியாதுதானே. வெட்டச் சொல்லியிருப்பன்."

விளக்கு மாறியது. பால் முடிந்துவிட்டது என்று ஞாபகம் வந்து, வழியில் கடையில் நிறுத்தச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் இவர் மிச்ச அட்டைகளைக் குசினி மேசையில் பரப்பினார். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டேன். எல்லாவற்றிலும் ஓரம் பிசிறாகத்தான் இருந்தது.